தலையில் அடிபட்டவனிடம் சம்மதம் கேட்காதீர்கள்

மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் காற்பந்துக் குழு நடத்தும் மேனேஜர்மார்களுக்கும், கிண்ணப் போட்டி ஏற்பாடு செய்யும் செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைதோறும் விசிலோடு வெயிலில் நிற்கும் நடுவர்களுக்கும்,



ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங், டுரியான் துங்கல் என்று எங்கே போட்டி நடந்தாலும் திடலோரக் கூடாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆட்டக்காரர் பட்டியலை வாங்கி, ஐசி பார்த்து, கோல் கணக்கு எழுதுகிற ஆள் நான். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஐசி கொண்டுவராத ஆட்டக்காரனுக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இதை மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதலாம்தான். ஆனால் கிளானா ஜெயாவில் ஒரு விதி போட்டு, அது மாநிலத்துக்கு வந்து, மாவட்டத்துக்கு இறங்கி, நம் தோட்டத் திடலை எட்டுவதற்குள் இன்றைக்கு ஆடுகிற பையன்களுக்குத் தலை நரைத்துவிடும். நம் கிண்ணப் போட்டிகளுக்கு விதி எழுதுவது நாம்தான். ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கம். அதில் ஒரு வரியைச் சேர்க்கவும் ஒரு வரியை அடிக்கவும் யாருடைய கையெழுத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

விஷயம் தலையில் அடிபடுவது. கால் உடைந்தால் எல்லாருக்கும் தெரிகிறது. ஆட்டம் நிற்கிறது, யாருடைய வேனோ திடலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. தலையில் அடிபட்டவன் அப்படியில்லை. எழுந்து நிற்கிறான், நடக்கிறான், கையை ஆட்டி "ஓகே" என்கிறான். எழுந்துவிட்டான் என்பதையே வைத்தியச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு, கைதட்டி உள்ளே அனுப்பிவிடுகிறோம்.

நாம் மட்டும் இப்படிச் செய்வதில்லை. 2014 ஜூலை 13, மரக்கானா ஸ்டேடியம், உலகக் கிண்ண இறுதியாட்டம். 17ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் காராய் தோளால் இடித்ததில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் சுருண்டு விழுந்தார். வந்து பார்த்தார்கள், எழுப்பினார்கள், ஆட விட்டார்கள். சற்று நேரத்தில் கிராமர் நடுவர் ரிஸ்ஸோலியிடம் போய், இது இறுதியாட்டம்தானா என்று கேட்டார். கேலி செய்கிறார் என்றுதான் நடுவர் முதலில் நினைத்தார். 31ஆவது நிமிடத்தில்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அந்த முதல் பாதி தனக்கு ஞாபகத்தில் இல்லை என்று கிராமர் பிற்பாடு சொன்னார்.

அதே போட்டியில், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில், உருகுவேயின் ஆல்வாரோ பெரேராவின் தலையில் ஸ்டெர்லிங்கின் முழங்கால் இடித்தது. அவர் திடலில் நினைவிழந்து கிடந்ததை உலகமே பார்த்தது. ஆளை மாற்றச் சொல்லிக் குழு மருத்துவர் சைகை காட்டினார். நினைவு திரும்பிய பெரேரா கையை வீசி மறுத்தார். மருத்துவரின் கை தோற்றது, ஆட்டக்காரரின் கை ஜெயித்தது. கடைசி வரை ஆடினார்.

இதற்கெல்லாம் பிறகு, 2014 செப்டம்பரில், தலையில் அடிபட்டால் பரிசோதிக்க 3 நிமிடம் ஆட்டத்தை நிறுத்தலாம், மருத்துவர் சொன்னால்தான் தொடர்ந்து ஆடலாம் என்று ஃபிஃபா விதி கொண்டுவந்தது. 3 நிமிடத்தில் என்ன தெரியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். எட்டு வருஷம் கழித்துக் கத்தாரில் பதில் கிடைத்தது. இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய ஈரான் கோல்கீப்பர் பெய்ரான்வந்த் சொந்தக் குழு ஆட்டக்காரரோடு முகத்தில் மோதிக்கொண்டார். பத்து நிமிடம் போல வைத்தியம் நடந்தது. எழுந்தார், ஜெர்சியை மாற்றிக்கொண்டு ஆட நின்றார். சற்றைக்கெல்லாம் தானே தரையில் சாய்ந்தார், ஸ்ட்ரெச்சரில் போனார். மருத்துவர்கள், கேமராக்கள், விதிப்புத்தகம் எல்லாம் இருந்த திடலில் இது நடந்தது.

இனி நம் திடலுக்கு வருவோம். ஜாசின் வட்டாரத்தில், சுற்றிலும் செம்பனை நிற்கிற ஒரு திடலில், எழுவர் ஆட்டப் போட்டி. காலிறுதி. கார்னர் பந்துக்கு வெளியே பாய்ந்த கோல்கீப்பர் பையனின் பொட்டில் எதிர்க்குழு ஆட்டக்காரனின் முழங்கை. பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். விழுந்தவன் சில விநாடி அசையவில்லை. பக்கெட்டும் ஸ்பாஞ்சுமாக ஒருவர் ஓடினார். ஐஸ் தண்ணீரைத் தலையில் பிழிந்தார்கள். வழக்கம்போலக் கோடாலித் தைலம் மூக்குக்குப் போனது. "தம்பி, இது எத்தன?" இரண்டு விரல். "ரெண்டு." "ஆளு ஓகே, ரெஃப்ரி!" ஆட்டம் தொடர்ந்தது.

கோடாலித் தைலத்துக்கு எத்தனையோ குணம் உண்டு. மண்டைக்குள் எட்டிப் பார்க்கிற குணம் மட்டும் கிடையாது.

அடுத்த பத்து நிமிடம் நான் பந்தை விட்டுவிட்டு அவனையே பார்த்தேன். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான். தன் தற்காப்பு ஆட்டக்காரனிடம் ஸ்கோர் என்னவென்று கேட்டான். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டான். ஆட்டம் முடிந்ததும் கூடாரத்துக்கு வந்து, வெயில் கண்ணைக் குத்துகிறது என்று ஜெர்சியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டான். அன்றைக்கு அவன் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காமல் பிடுங்கி வைத்துக்கொண்டவன் அவனோடு வந்த மச்சான். அந்த மச்சானுக்குத்தான் நான் கிண்ணம் கொடுப்பேன். வழியில் இரண்டு தடவை வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஸ்கேன் எடுத்து, ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் வாட்சாப்பில் செய்தி: "ஸ்கேன்ல ஒன்னும் இல்லையாம்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அடுத்த ஞாயிறு அவன் இன்னொரு திடலில் கோலில் நின்றான்.

அந்த "ஒன்னும் இல்ல"தான் நம்மை ஏமாற்றுகிறது. ஸ்கேன் தேடுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அவை இல்லை என்றால் இன்றைக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்று அர்த்தம். மூளை அதிரவில்லை என்று அர்த்தமில்லை. மூளை அதிர்வு, கன்கஷன் என்கிறோமே, அது பெரும்பாலும் ஸ்கேனில் தெரியவே தெரியாது. தலை திடீரென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ உள்ளே மூளை குலுங்கித் திருகுகிறது. நரம்பு இழைகள் இழுபடுகின்றன, இரசாயனச் சமநிலை கலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிகச் சக்தி வேண்டும், அந்த நேரம் பார்த்து இரத்த ஓட்டமும் குறைகிறது. இந்த நிலை மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில் நீடிக்கும். பெரியவர்களில் பலருக்கு இரண்டு வாரத்தில் சரியாகிறது. பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வரை ஆகலாம்.

மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளை அதிர்வு என்பது நம் பழைய நம்பிக்கை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நினைவு தப்புவதே இல்லை. பார்க்க வேண்டியவை வேறு: எழும்போது தள்ளாடுகிறானா, வெறித்துப் பார்க்கிறானா, கேட்டதையே திரும்பக் கேட்கிறானா, வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லையா, திடீரென்று எரிந்து விழுகிறானா அல்லது அழுகிறானா. விரல் எண்ணச் சொல்வதை விடுங்கள். விளையாட்டு மருத்துவர்கள் கேட்கிற கேள்விகள் சாதாரணமானவை: இது எந்தத் திடல்? இப்போது எந்தப் பாதி? கடைசியாக யார் கோல் போட்டார்கள்? போன ஆட்டம் யாரோடு? ஜெயித்தோமா, தோற்றோமா? ஒன்றுக்குத் தடுமாறினாலும் வெளியே. ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னாலும், மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்தால் வெளியே. இந்தக் கேள்விகள் ஆளை வெளியே எடுக்கத்தான், உள்ளே அனுப்ப அல்ல.

வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், கழுத்து வலித்தால், இரண்டிரண்டாகத் தெரிந்தால், கைகால் மரத்தால், வலிப்பு வந்தால், தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போனால், 999. கழுத்து வலி சொல்கிறவனைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டாம். மண்டைக்குள் மெதுவாகக் கசிகிற இரத்தம் முதலில் ஒன்றும் காட்டாது. ஆள் பேசுவான், சிரிப்பான், பிறகு சாய்வான். அதனால்தான் முதல் மூன்று மணி நேரமாவது தனியாக விடாதே என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் அடியை விட இரண்டாவது அடி கொடியது. வட அயர்லாந்தில் பெஞ்சமின் ராபின்சன் என்ற 14 வயதுப் பையன், 2011 ஜனவரியில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டான். பார்த்தார்கள், ஆட விட்டார்கள். மறுபடி மோதினான். ஆட்டம் முடிகிற நேரத்தில் சாய்ந்தான். இரண்டு நாளில் இறந்துபோனான். தாய் திடலோரத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் அதிர்வு ஆறுமுன் விழுந்த இரண்டாவது அடியால் மூளை வீங்கி இறந்தான் என்று 2013இல் மரண விசாரணையில் முடிவானது. இது அரிது, ஒவ்வொரு தலையடியும் இங்கே கொண்டுபோய் விடும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் இது முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடிய மரணம். மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம். முதல் அடியோடு பையனை உட்கார வைத்திருந்தால் போதும். அவன் தகப்பனார் பீட்டர் ராபின்சன் வருஷக்கணக்கில் அலைந்ததில், முதலில் ஸ்காட்லாந்திலும் பிறகு பிரிட்டன் முழுதும், சந்தேகம் வந்தால் உட்கார வை என்ற ஒரே வரி எல்லா விளையாட்டுக்குமான வழிகாட்டியானது. 2023இல் வந்த பிரிட்டன் வழிகாட்டி மருத்துவர் இல்லாத சின்னத் திடல்களுக்காகவே எழுதப்பட்டது: அன்றைக்கு ஆடக்கூடாது, குறைந்தது 21 நாள் போட்டியில் இறங்கக்கூடாது. நம் கணக்கில் மூன்று ஞாயிறு.

அந்த 21 நாளும் இருட்டறையில் கிடக்க வேண்டும் என்றில்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் அந்தப் பழைய யோசனையை விட்டுவிட்டார்கள். முதல் இரண்டு நாள் போனும் டிவியும் குறைவு, மெதுவாக நடக்கலாம். பிறகு படிப்படியாக ஓட்டம், பந்துப் பயிற்சி, மோதல் உள்ள பயிற்சி, கடைசியில்தான் ஆட்டம். ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். மோதல் உள்ள பயிற்சிக்குப் போவதற்கு முன் மருத்துவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நம் பையன்களுக்கு ஞாயிறு மட்டும் பிரச்சினை இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவன் என்ன செய்கிறான்? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தானே மோட்டார் ஓட்டிப் போகிறான். சில குழுக்களில் தோற்றாலும் ஜெயித்தாலும் பீர் உண்டு. ராத்திரி ஷிஃப்டு இருந்தால் பத்து மணிக்குப் பத்து பெரெண்டாமிலோ ஆயர் கெரோவிலோ மெஷினுக்கு முன்னால் நிற்கிறான். தோட்டத்தில் வேலையென்றால் விடிந்ததும் நீளக் கம்பை அண்ணாந்து பிடித்துக் குலை வெட்டப் போகிறான். அதிர்ந்த தலையோடு இதில் எதையும் செய்யக்கூடாது. கிளினிக்குக்குப் போய் எம்.சி. கேட்கலாம், ஆனால் பந்து விளையாடி வாங்கிய அடி என்று தெரிந்தால் சூப்பர்வைசர் முகத்தைத் திருப்புவார் என்று போவதில்லை. அப்படியே போனாலும் "தலைவலி" என்று சொல்லிப் பனடோலோடு திரும்புகிறான். குழுவில் ஒருவர் கூடப் போய் என்ன நடந்தது என்று டாக்டரிடம் சொன்னால் கதையே வேறு. முன்பெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது, டிரெசர் இருந்தார். அவரை ஏமாற்ற முடியாது, ஏனென்றால் அவரும் ஆட்டம் பார்த்திருப்பார். அந்த ஏற்பாடு போய்விட்டது. அவர் இடத்தில் இப்போது யாரும் இல்லை.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இனி வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மலாக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரை நாம் இழந்திருக்கிறோம். 2016 ஏப்ரலில், மலாக்கா யுனைடெட்டின் 18 வயதுக் கோல்கீப்பர் ஸ்டெஃபான் பெட்ரோவ்ஸ்கி பயிற்சியின்போது மின்னல் தாக்கி விழுந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். மின்னலுக்கும் தலையடிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மேகம் கறுக்கும்போது ஆட்டத்தை நிறுத்துகிற அதிகாரம் யாருக்கு என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும் என்பதை அந்தச் சாவு நம் வாசலுக்கே வந்து சொன்னது. நம் திடல்களில் இன்றைக்கும் இடி இடித்தால் இரண்டு மேனேஜரும் நடுவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நடுவர் என் மேசையைப் பார்க்கிறார்.

அதே மலாக்கா யுனைடெட் 2023 லீக்கில் ஆட உரிமம் கிடைக்காமல் போனது சம்பளப் பாக்கியால். பணம் பாக்கி என்றால் கேள்வி கேட்கிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள். நியாயம்தான், ஆட்டக்காரனுக்கும் அடுப்பெரிய வேண்டும். அடிபட்ட தலையை ஆட விட்டதற்காக இதே மாதிரி கதவு சாத்தப்படுகிற நாளும் வர வேண்டும்.

மருத்துவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். 2015இல் செல்சீ குழு மருத்துவர் ஏவா கர்னேரோ, நடுவர் கூப்பிட்டதால் திடலுக்குள் ஓடி ஹசார்டைப் பார்த்தார். ஆள் குறைந்துவிட்டது என்று மேனேஜர் மோரின்யோ எல்லார் முன்னிலும் கொதித்தார். சில வாரங்களில் கர்னேரோ அந்தக் கிளப்பிலேயே இல்லை. 2022இல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் துவா தகோவைலோவா தலை தரையில் மோதி எழுந்து, எல்லார் கண்ணுக்கும் தெரியத் தள்ளாடினார். முதுகுப் பிடிப்பு என்று சொல்லி அன்றைக்கே மறுபடி இறக்கினார்கள். நான்கே நாளில் அடுத்த ஆட்டத்தில் விழுந்து, விரல்கள் விறைத்த நிலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே குழுவைச் சேராத தனி நரம்பியல் நிபுணர் ஒருவர் திடலிலேயே இருந்தார். அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். தள்ளாடினால் காரணம் கேட்காமல் வெளியே என்று இரண்டு வாரத்துக்குள் விதியும் மாறியது. அந்த விதியை நாம் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

அதே லீக்கைப் பற்றி இன்னொன்று, இது நம்மவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். மூளை பாதித்த பழைய ஆட்டக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க 2013இல் ஒப்புக்கொண்டார்கள். முதலில் பேசிய தொகை 76 கோடியே 50 லட்சம் டாலர். கொடுக்கும்போது கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மட்டும் மூளைத்திறன் ஆரம்பத்திலேயே குறைவு என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். எவ்வளவு இழந்தாலும் அவர்கள் குறைவாகத்தான் இழந்ததாகத் தாளில் வரும். வெளியே தெரிந்து நாறியபின் 2021இல்தான் அந்தக் கணக்கைக் கைவிடச் சம்மதித்தார்கள்.

இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்டில் என்று ஒருவர். தலையால் கோல் போடுவதில் பேர்போனவர். 2002இல் 59 வயதில், நினைவெல்லாம் அழிந்து இறந்தார். திரும்பத் திரும்பப் பந்தைத் தலையால் முட்டியதால் வந்த தொழில் நோய் என்று மரண விசாரணை அதிகாரி எழுதினார். 2019இல் வந்த கிளாஸ்கோ ஆய்வு, ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரைச் சாதாரண மக்களோடு ஒப்பிட்டது. மூளை தேய்ந்து சாவது அவர்களிடம் மூன்றரை மடங்கு. தொடர்ந்து பார்த்ததில் பந்தை அதிகம் முட்டும் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு மிக அதிகம், கோல்கீப்பர்களுக்கு அப்படி ஒன்றும் கூடவில்லை. ஞாயிறு ஆடுகிற நமக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மழையில் ஊறிய தோல் பந்தை முட்டி முட்டி ஆடிய நம் தோட்டத்துப் பெரியவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

தொழில் நோய் என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாராகுவாட் தெளித்த நம் அம்மாக்களின் நகம் கழன்றதையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தெனாகனிதா போன்ற அமைப்புகள் கத்தியபின் 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1இல்தான் முழுத்தடை வந்தது. அத்தனை வருஷமும் கேட்ட பதில் ஒன்றுதான்: கையுறையும் முகமூடியும் கொடுத்தோம், அவர்கள் போடவில்லை. அடிபட்டவர் தலையிலேயே பொறுப்பையும் கட்டுவது அந்தக் காலத்து வழக்கம். இப்போது நம் போட்டிப் பாரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், தடித்த எழுத்தில்: "ஆட்டத்தின்போது ஏற்படும் எந்தக் காயத்துக்கும் ஏற்பாட்டுக் குழு பொறுப்பல்ல." நானே எத்தனையோ பாரத்தில் தட்டச்சு செய்த வரி. 250 வெள்ளி நுழைவுக் கட்டணம் வாங்குகிறோம், சாப்பாட்டுக் கடைக்கு வாடகை வாங்குகிறோம், பேனரில் எம்.பி. படம் போடுகிறோம். தலை மட்டும் ஆட்டக்காரனுடையது.

அந்த வரியை அடிக்கச் சொல்கிறேன். அந்த இடத்தில் இன்னொரு வரி வேண்டும். மேனேஜர் பெயர், கோச் பெயர், ஜெர்சி நிறம் எழுதுகிற இடத்துக்குக் கீழே: "தலைக்குப் பொறுப்பானவர்: பெயர், கைப்பேசி எண்." ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவர். அவர் மேனேஜராகவோ கோச்சாகவோ ஆட்டக்காரராகவோ இருக்கக்கூடாது. ஜெயிப்பதில் பங்கில்லாத யாராவது. நர்ஸ் வேலை பார்க்கும் ஓர் அக்கா, பள்ளியில் செம்பிறைச் சங்கப் பயிற்சி எடுத்த தங்கச்சி, ரிட்டயரான வாத்தியார். நான் பார்த்தவரை இந்த வேலைக்கு அம்மாக்களை மிஞ்ச ஆளில்லை. யாருடைய பிள்ளை என்று பார்க்காமல் இழுத்து வந்துவிடுவார்கள். அவர் கையைத் தூக்கினால் நடுவர் விசில் ஊத வேண்டும், ஆட்டக்காரன் வெளியேற வேண்டும், அன்றைக்குத் திரும்பக்கூடாது. ஆட்டக்காரனிடம் சம்மதம் கேட்கவே வேண்டாம். இறுதியாட்டமா என்று கேட்ட கிராமரிடம், ஆட முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்லியிருப்பார். வெளியேறிய ஆட்டக்காரன் பெயரை நான் மேசையில் தனித் தாளில் எழுதுவேன். மூன்று ஞாயிறுக்கு வேறெந்தத் திடலிலும் அவன் ஆடாமல் இருக்க, அந்தத் தாளை மற்ற ஏற்பாட்டாளர்களுக்கு வாட்சாப்பில் அனுப்புவேன். மீறி இறக்கினால் அந்த ஆட்டம் 3-0 தோல்வி. இதை ஏன் சேர்க்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ்ப்பள்ளிக் குழுக்களுக்குத் தனியாக ஒன்று. இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதே கிடையாது. அமெரிக்காவில் 2015இலேயே 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். நம் தமிழ்ப்பள்ளிகள் எல்லாமே ஆரம்பப் பள்ளிகள்தான். பயிற்சிக்கு வரிசையில் நிற்க வைத்துப் பந்தை எறிந்து முட்டச் சொல்கிற கோச் அண்ணன்மார்களே, அந்தக் கால்மணி நேரத்தைப் பாஸ் பழக்கக் கொடுங்கள். பாஸ் போடத் தெரியாத குழுக்கள்தான் பந்தை வானத்துக்கு அடிக்கின்றன.

ஆட்சேபங்கள் வரும், தெரியும். முதலாவது, "நாளைக்குக் கேஸ்னு வந்தா, கையெழுத்துப் போட்ட ஆள் மாட்டிக்குவாரு." திடலில் இருந்து ஒருவனை வெளியே எடுத்ததற்காக யார் வழக்குப் போடுவார்கள்? கேள்வி வந்தால் ஆட விட்டவரைத்தான் கேட்பார்கள். இன்றைக்கு அவர் யாரென்றே தெரியாமல் இருப்பதுதான் நமக்கு வசதியாக இருக்கிறது. இரண்டாவது, "பதிவு பண்ணதே ஏழு பேரு, ஆள் இல்ல." ஆறு பேரோடு ஆடுங்கள். மூன்றாவதுதான் உண்மையான கவலை: தோற்கிற குழு பொய்யாகத் தலையைப் பிடித்துக்கொண்டு கூடுதல் மாற்றாளை இறக்கும். நம் ஆட்களைத் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்விதான் இது, தப்பில்லை. சர்வதேச விதிகளை எழுதும் குழு இந்தக் கூடுதல் மாற்றாள் முறையை 2021இல் இருந்து சோதித்துப் பார்த்து, 2024 ஜூலையில், விரும்புகிற போட்டிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகத்திலேயே சேர்த்துவிட்டது: தலையடிக்காக ஒரு குழுவுக்கு ஒரு கூடுதல் மாற்றாள், அது வழக்கமான மாற்றாள் கணக்கில் சேராது, வெளியே போனவர் திரும்ப முடியாது, ஒரு குழு அதைப் பயன்படுத்தினால் எதிர்க்குழுவுக்கும் ஒரு மாற்றாள் கூடுதலாகக் கிடைக்கும். பொய் சொல்லி என்ன லாபம்? நம் போட்டிகளில் பாதி, ஆளை எத்தனை முறையும் மாற்றலாம் என்கிற எழுவர் ஆட்டம். அங்கே இந்தக் கவலைக்கே இடமில்லை.

தற்காலிக மாற்றாள் வேண்டும், பத்து நிமிடமாவது நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ஆட்டக்காரர் சங்கம் கேட்டு, 2023இல் அதே விதிக் குழு மறுத்துவிட்டது. அந்தச் சண்டை அவர்களுடையது, நடக்கட்டும். மருத்துவரே இல்லாத திடலில் பத்து நிமிடம் பார்த்து நாம் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சந்தேகமா, வெளியே.

வரியின் வாசகத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கிற ஏற்பாட்டுக் குழுவுக்கு அனுப்புகிறேன். மலாய், சீன நண்பர்களின் குழுக்களும் நம் போட்டிகளில் ஆடுகின்றன, அவர்களுக்கும் புரிய வேண்டும். தீபாவளிக் கிண்ணங்களுக்கான மேனேஜர் கூட்டங்கள் தொடங்கப் போகின்றன. குலுக்கல், ஜெர்சி நிறம், பரிசுத் தொகை எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எடுங்கள். குலுக்கல் முடிந்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறீர்கள்.

இப்படிக்கு,
திடலோர மேசைக்காரன்